தூங்குமூஞ்சியின் மெத்தை

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பட்டறையில் வைத்திருந்த பெயர் தூங்குமூஞ்சி. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவருக்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. மெத்தைக் கடைக்காரனுக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்குமா என்ன?

பெயருக்கு ஏற்ற மனிதர்தான். பேருந்தில் நின்றுகொண்டே தூங்குவார். முடி வெட்டிக்கொள்ளப் போனால், கத்தரி காதைத் தாண்டுவதற்குள் குறட்டை வந்துவிடும். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், கை கழுவப் போய்த் திரும்பி வரவே இல்லை. தேடிப் போனால், துணி துவைக்கிற இடத்தில் முக்காலி மேல் உட்கார்ந்து, சுவரில் தலை சாய்த்து, ஈரக் கையோடு தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "பொண்ணை ஒரு மெத்தைக்கே கட்டிக் கொடுத்துட்டேன் போலிருக்கு" என்றாள். அன்றைக்கு அக்கா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் பல வருஷங்களாக அவள் அப்படிச் சிரித்ததில்லை.

கடை அவருடையது. முன்னால் கண்ணாடிக் கதவு போட்ட கடை, பின்னால் பட்டறை. பட்டறையில் நுரை வெட்டுகிறவர் ஒருவர், ஓரம் தைக்கிற மெஷினில் ஓர் அம்மாள், அப்புறம் நான். நான் வேன் ஓட்டுகிறேன். மெத்தையை ஏற்றுவதும் இறக்குவதும், மாடிப்படி வளைவில் அது மாட்டிக்கொண்டால் கட்டிடம் கட்டியவனைத் திட்டுவதும் என் வேலை. மெத்தை கனமில்லை, ஆனால் பிடிப்பதற்கு ஓர் இடமும் இல்லாத பொருள். குடித்துவிட்டு விழுந்து கிடக்கிற ஆளைத் தூக்குகிற மாதிரி இருக்கும்.

அத்தான் விற்பனை செய்வதைப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் மெத்தையில் இரண்டு வகை உண்டு. பழைய வகையில் எல்லா ஸ்பிரிங்கையும் கம்பியால் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். ஒரு மூலையில் பூனை ஏறினால் மறுமூலைக்குத் தகவல் போய்விடும். புதிய வகையில் ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் தனித்தனித் துணிப்பை. ஒன்று அமுங்கினால் பக்கத்தில் இருப்பதற்குத் தெரியாது; அவரவர் பாட்டுக்கு அவரவர். இந்தப் புதிய மெத்தையின் ஒரு பக்கம் அத்தான் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் வைப்பார். மறுபக்கம் தொப்பென்று தானே விழுவார், புரள்வார், எழுந்து மறுபடி விழுவார். தண்ணீர் அசையாது. பிறகு கணவன் மனைவி இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வார்:

"புருஷன் விடிய விடியப் புரண்டாலும் பொண்டாட்டிக்குத் தெரியாதுங்க."

இதற்குச் சிரிக்காத தம்பதியை நான் பார்த்ததில்லை. "அவர் வீட்டுக்கு வந்ததே தெரியாம இருக்கிற மாதிரி ஒண்ணு இருக்கா?" என்று ஒரு பெண்மணி கேட்டார். வாங்கிக்கொண்டுதான் போனார்.

இப்படி ஊர் முழுக்கத் தனித்தனிப் பை விற்ற மனிதரின் வீட்டில் இருந்தது பழைய வகை. கடை ஆரம்பித்தபோது தன் கையாலேயே பின்னிய முதல் மெத்தை. நடுவில் பள்ளம் விழுந்து, இரண்டு பேரும் எந்த ஓரத்தில் படுத்தாலும் கொஞ்ச நேரத்தில் நடுவுக்கு உருண்டு வந்து முதுகோடு முதுகு முட்டிக்கொள்வார்கள். அத்தான் பல தடவை மாற்றப் பார்த்தார். அக்கா விடவில்லை. "இதுக்கு என்ன குறை?" என்பாள். ஓரம் தைக்கிற அம்மாள்கூட ஒரு நாள் என்னைக் கேட்டாள், உங்க அக்காவுக்குக் கடை மேல நம்பிக்கை இல்லையா என்று. நானும் அது வெறும் பிடிவாதம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குப் பிடிவாதம் புதிதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அத்தான் கடையில் காட்சிக்கு வைத்த மெத்தையில் சற்று நேரம் கண்ணயர்வது வழக்கம். அதைப் பார்த்தே இரண்டு மூன்று பேர் உள்ளே வந்து மெத்தை வாங்கியிருக்கிறார்கள். ஒரு நாள் நான் வேனை நிறுத்திவிட்டு வந்தபோது, அவர் அந்த மெத்தையில் படுக்காமல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வலது கை விரல்கள் இடது மணிக்கட்டின் மேல் இருந்தன. யாரோ சொல்லும் கணக்கைக் கேட்டுக்கொண்டிருப்பவர் போல் தலை சாய்ந்திருந்தது.

"என்ன அத்தான்?"

"மாப்ளே, தையல் விட்டுப் போகுது" என்றார்.

நான் மெஷினைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இல்லையென்று தலையாட்டி, நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு தையலை விட்டுவிட்டு அடுத்ததைப் பலமாகக் குத்துகிறதாம். விடுகிற நேரத்தில் வயிறு காலியாகிவிடுகிறதாம், மாடிப்படி இறங்கும்போது கடைசிப் படி இல்லாமல் போனால் ஆகுமே, அப்படி. பகலில் வேலைச் சத்தத்தில் தெரிவதில்லை. படுத்தால்தான். தலையணையில் காதை வைத்தால் உள்ளே வேறு யாரோ நடமாடுகிற மாதிரி கேட்கிறது. இத்தனையும் சொல்லிவிட்டு, "பல நாளாச்சுடா, பொட்டுத் தூக்கம் இல்ல" என்றார். தூங்குமூஞ்சி என்று பெயர் எடுத்தவர் வாயிலிருந்து அதைக் கேட்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"மூச்சு விடக் கூடாது" என்றார். "உன் அக்காவுக்கு இது தெரியவே கூடாது."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் அப்பா தூக்கத்தில் போனவர். பலகைக் கட்டிலில் பஞ்சு மெத்தை போட்டு அம்மாவும் அவரும் படுத்திருந்தார்கள். எப்போது போனார் என்று பக்கத்தில் இருந்த அம்மாவுக்குத் தெரியாது. காலையில் அம்மா எழுந்து, பல் தேய்த்து, அடுப்பைப் பற்ற வைத்து, "போய் அப்பாவை எழுப்பும்மா" என்று அக்காவை அனுப்பினாள். அக்கா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் காலுறை போட்டிருந்தாள், மற்றது கையில் இருந்தது. அந்தக் கையாலேயே அப்பாவின் தோளைத் தொட்டாள். நான் சின்னவன், எனக்கு நினைவிருப்பது அந்தக் காலுறை மட்டும்தான். அம்மா சாகும்வரைக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: பக்கத்துலதானே படுத்திருந்தேன்.

ஆக, அத்தானை இதய மருத்துவரிடம் கூட்டிப் போன காரியம் காதும் காதும் வைத்த மாதிரி நடந்தது. பொருள் வாங்கப் போவதாக வீட்டில் சொன்னோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சில் குழகுழவென்று எதையோ தடவி, திரையில் படம் பார்த்தார்கள். ஒரு நாள் முழுக்க நெஞ்சில் ஒட்டிக்கொண்டே இருக்கும்படி ஒரு கருவியும் கொடுத்தார்கள். அதை மறைக்க அவர் அவசர ஆர்டர் என்று பொய் சொல்லிவிட்டுப் பட்டறையில் தங்கினார். ஊரிலேயே அதிக மெத்தை உள்ள இடத்தில் தூக்கம் வராமல் கிடந்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

மருத்துவர் ஒரு பெண்மணி. படபடவென்று பேசினாலும் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"உங்க இதயம் பலமாத்தான் இருக்கு. நடுவுல ஒரு துடிப்பு மட்டும் அவசரப்பட்டு முந்திக்குது. அதுக்கப்புறம் ஒரு சின்ன இடைவெளி, அடுத்தது கொஞ்சம் பலமா அடிக்குது. உங்களுக்குத் தெரியறது அந்த இடைவெளியும் அந்த அடியும்தான்."

"அந்த இடைவெளியிலேயே நின்னுடாதா?"

"உங்களுக்கு இருக்கிறது அந்த மாதிரி இல்லை. மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலிச்சாலோ உடனே வரணும். மத்தபடி காப்பியைக் குறைங்க, இந்த மாத்திரையைப் போடுங்க, இடது பக்கம் படுத்தா அதிகமாத் தெரியும், வலது பக்கம் படுங்க. முக்கியமா, தூங்குங்க."

"தூங்கினா யாருங்க பாத்துக்கறது?" என்றார் அத்தான். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

மருத்துவர் காகிதத்தைத் திருப்பி ஓர் இடத்தைக் காட்டினார். "இங்க பாருங்க, துடிப்பு மெதுவாகியிருக்கு. பட்டறையில கொஞ்ச நேரம் தூங்கியிருக்கீங்க. உங்களுக்கே தெரியாது. அப்பவும் அங்கங்க விட்டிருக்கு, அப்பவும் தானே புடிச்சிருக்கு. நீங்க காவல் இருக்கணும்னு அது எதிர்பார்க்கல."

திரும்பி வரும்போது வேனில் அத்தான், "நல்ல டாக்டர்தான். ஆனா நெஞ்சு அவங்களோடது இல்லையே" என்றார்.

எனக்கும் பயமாக இருந்தது. அவருக்காக என்பதைவிட அக்காவுக்காக. அதோடு, சிக்னலில் நின்றபோது என் மணிக்கட்டையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அது ஒழுங்காகத்தான் இருந்தது, ஆனால் தொட்டுப் பார்த்தவுடன் வேகமாகிவிட்டது.

அதற்கப்புறம் தினமும் காலையில் முந்தின இரவின் செய்தி வேனில் எனக்கு வந்து சேரும். தூங்குவதற்கு அவர் செய்த முயற்சிகளை எழுதினால் ஒரு தனிப் புத்தகம் ஆகும். ஸ்பிரிங் எண்ணிப் பார்த்தார். மெத்தையின் ஒரு மூலையிலிருந்து வரிசை வரிசையாக மனசுக்குள் எண்ணிக்கொண்டு போவார். நெஞ்சு ஒன்றை விட்டால் கணக்கும் விட்டுப் போகும், மறுபடியும் மூலையிலிருந்து. படுக்கையறைச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, பாட்டரி போய்விட்டது என்று அக்காவிடம் சொன்னார். அது தவறாமல் டிக் டிக்கென்று அடிப்பது அவருக்குக் குத்திக்காட்டுகிற மாதிரி இருந்ததாம். மேசை விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார், காற்றுக்கு இல்லை, இரைச்சலுக்கு. காப்பி வேண்டாம் என்றதும் அக்கா டவராவைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாளாம். "நெஞ்சு கரிக்குது" என்று மழுப்பினாராம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை மெத்தை. அந்த நடுப்பள்ளம். தன் நெஞ்சு குதிக்கிறபோது கட்டிலே குதிப்பதாக அவருக்குத் தோன்றியது. பின்னிய ஸ்பிரிங்; தகவல் அக்கா முதுகு வரைக்கும் போகும் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அதனால் பள்ளத்தில் உருண்டுவிடாமல் கட்டிலின் ஓரச் சட்டத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு படுத்தார். ஒரு தடவை அந்தப் பக்கமே விழுந்தார். அக்கா எழுந்து விளக்கைப் போட்டு, தரையில் கிடந்தவரைப் பார்த்து, "செருப்பைத் தேடுறீங்களா?" என்று கேட்டாளாம். ஆமாம் என்றிருக்கிறார்.

பிறகு ஒரு நாள் காலையில் அக்கா, "ராத்திரி தூங்கலையா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டாள். அவர் பட்டறைக்கு வந்ததும் நேரே ஸ்பிரிங் அடுக்கி வைத்திருக்கும் பக்கம் போனார்.

"மாப்ளே, இருக்கிறதுலேயே நல்ல மெத்தையா ஒண்ணு செய்யப் போறேன். உன் அக்காவுக்கு."

செய்தார். விற்பனைக்குச் செய்வதைவிட நெருக்கமாகப் பைகளை அடுக்கினார். மேலே இரண்டு அடுக்கு நுரை, அதன் மேல் பஞ்சு. பக்கங்களை மெஷினுக்குக் கொடுக்காமல் நீள ஊசியால் தானே தைத்தார். முடிந்ததும் தண்ணீர்த் தம்ளரை வைத்துச் சோதித்தார். ஒரு பக்கம் என்னைக் குதிக்கச் சொன்னார். என் எடைக்கும் தண்ணீர் அசையவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பல நாட்களுக்குப் பிறகு அதைப் பார்த்தேன்.

வீட்டில் கொண்டுபோய் இறக்கினோம். அக்கா கதவோரம் நின்று பார்த்தாள்.

"இப்போ எதுக்கு இது?"

"உன் முதுகு வலிக்குத்தான்."

"எனக்கு முதுகு வலியே இல்லையே."

"வராம இருக்க."

பழைய மெத்தையை நான் தோளில் சாய்த்து வெளியே கொண்டு வரும்போது, "அதை எங்க கொண்டு போறே?" என்று கேட்டாள். நான் அத்தானைப் பார்த்தேன். "பழைய இரும்புக்குப் போடப் போறோம்" என்றார் அவர். உண்மையில் அது பட்டறைச் சுவரில்தான் சாய்ந்து நின்றது. ஸ்பிரிங் கழற்ற வேண்டும் என்று மேலுறையைக் கிழித்ததோடு, வேறு வேலை வந்து விட்டுவிட்டார்கள்.

புது மெத்தை வந்த பிறகு அத்தான் ரகசியம் பத்திரமாக இருந்தது. ஆனால் தூக்கம் மட்டும் வரவில்லை. முன்பு பழைய மெத்தை கிரீச்சிடும், அக்கா புரண்டால் இவரும் ஆடுவார், அந்த ஆட்டத்தில் கொஞ்ச நேரமாவது கண் சொருகும். இப்போது அந்தக் கட்டிலில் சத்தமும் இல்லை, அசைவும் இல்லை. மீதி இருந்தது அவர் நெஞ்சு ஒன்றுதான். அதோடு ஒரு புதுக் குழப்பம்.

"உன் அக்கா ராத்திரியில என் மூக்குகிட்ட கையைக் கொண்டு வர்றாடா" என்றார் ஒரு காலையில்.

"எதுக்கு?"

"கேட்டா கொசுங்கறா. நம்ம வீட்டுல ஏது கொசு? ஜன்னல் பூரா வலை."

அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். யாரை எப்போது எந்த அறைக்கு அனுப்புவது என்பதில் அவள் பிசகி நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்த வாரம் பல் சுத்தம் செய்துகொள்ள வந்த ஒருவரைப் பல் பிடுங்கும் நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டாள். நல்லவேளை, ஊசி போடும் முன் மருத்துவர் பெயரைக் கேட்டிருக்கிறார். அன்று மாலை அவளை வீட்டில் விடுவதற்காக நான் வேனோடு போனேன். கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம். ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"ஒடம்பு சரியில்லையாக்கா?"

"தூக்கம் இல்ல." கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: "அந்தப் பழைய மெத்தை நிஜமாவே இரும்புக்குப் போயிடுச்சாடா?"

"எதுக்கு? புதுசு நல்லா இல்லையா? அத்தான் உசிரைக் குடுத்துச் செஞ்சாரே."

"நல்லாத்தான் இருக்கு. ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவருக்கு நெஞ்சு ஒழுங்கா அடிக்கலை. உனக்குத் தெரியும்னும் எனக்குத் தெரியும். பொருள் வாங்கப் போறோம்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் வெறுங்கையோட வந்தீங்களே."

வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் பாதியிலேயே தலையாட்ட ஆரம்பித்தாள்.

"போன மழைக்காலத்துலேருந்து எனக்குத் தெரியும்டா. பழைய மெத்தையில படுத்தா முதுகுக்கு அடியில தட்டும், சின்னதா. கல்யாணம் ஆன நாளா அது தட்டுனாத்தான் எனக்குத் தூக்கம் வரும். திடீர்னு ஒரு நாள் ஒண்ணு விட்டுச்சு. நான் எழுந்து உக்காந்துட்டேன். அவரு குறட்டை விட்டுத் தூங்கிட்டிருந்தாரு. அடுத்தது வந்துச்சு, கொஞ்சம் பலமா. அப்புறம் பழகிப் போச்சு. விடும், காத்துக்கிட்டிருப்பேன், வரும். வந்ததும் தூங்கிடுவேன்."

"ஏன் கேக்கல அவரை?"

"எனக்குத் தெரியக் கூடாதுன்னு அந்த மனுஷன் கட்டில் சட்டத்தைப் புடிச்சுக்கிட்டுத் தொங்குறாரு. அவராச் சொல்லட்டும்னு பாத்தேன். சொல்லாம மெத்தையை மாத்திட்டாரு."

பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். நான் வண்டியை எடுக்கவில்லை.

"இப்போ தொட்டுக்கிட்டுப் படுத்தாத்தான் உண்டு. தொட்டா எழுந்துடறாரு. தொடாம இருந்தா எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை. "அம்மா மாதிரியே படுத்திருக்கேன்டா."

அக்காவை வீட்டில் விட்டுவிட்டு நேரே பட்டறைக்குப் போனேன். யாரும் என்னைத் தூது அனுப்பவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு அந்த அம்மாள் கிளம்பிக்கொண்டிருந்தாள். அத்தான் நுரைத் துண்டுகளைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன், கடைசி வாக்கியம் உட்பட.

அவர் துடைப்பத்தோடு அப்படியே நின்றார். பிறகு பழைய மெத்தை சாய்ந்திருந்த சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"அப்போ இத்தனை நாளா நான் யாருக்காகடா மூச்சை அடக்குனேன்?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார், தூசி என்று சொல்லிக்கொள்ளலாம். "புருஷன் புரண்டா பொண்டாட்டிக்குத் தெரியாதுங்க" என்று தன் வசனத்தைத் தானே ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். கடையில் அதைக் கேட்டு எத்தனையோ பேர் சிரித்திருக்கிறார்கள். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அவரே உட்கார்ந்து பழைய மெத்தையைச் சரிசெய்தார். அறுந்திருந்த பின்னல் கம்பிகளை இடுக்கியால் முறுக்கிக் கட்டினார். ஒரு ஸ்பிரிங்கை அழுத்திப் பார்ப்பார். மறு ஓரத்தில் இருப்பது தலையசைத்தால் அடுத்ததற்குப் போவார். அசையாத இடத்தில் கம்பியை இன்னும் இறுக்கினார். மேலுறை தைக்க வந்த அம்மாள் நடுவில் கை வைத்துப் பார்த்து, "இந்தப் பள்ளத்துக்குக் கொஞ்சம் பஞ்சு வச்சு நிரப்பிடட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். அது இருக்கட்டும்" என்றார் அத்தான்.

அப்போது பார்த்து ஒரு வாடிக்கையாளர் உள்ளே எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் இன்னும் செய்றீங்களா?" என்று இளக்காரமாகக் கேட்டார். அத்தான் நிமிர்ந்து பார்க்காமலே, "இது விற்பனைக்கு இல்லைங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை நான் மறுபடி அக்கா வீட்டு மாடிப்படியில் ஏற்றினேன். புது மெத்தையைப் பாதிப் படி வரை இறக்கி நிறுத்தி வைத்தேன். மாடிப்படி வளைவில் இரண்டு தடவையும் மாட்டிக்கொண்டேன், இரண்டு தடவையும் திட்டினேன். பழைய மெத்தையைக் கட்டிலில் போட்டதும் அக்கா விரிப்பை எடுத்து வந்து மூலைகளைச் செருகினாள். அத்தான் நின்று பார்த்தார். "படுத்துப் பாருங்க, ஸ்பிரிங் குத்துதான்னு" என்று அக்கா சொன்னாள். அதைப் பார்க்கக் கடைக்காரரே படுக்க வேண்டியதில்லைதான். ஆனால் அவர் படுத்தார். வேலை முடிந்த களைப்பில் அக்காவும் மறுபக்கம் படுத்தாள்.

நான் முன்னறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. மெத்தை கிரீச்சிட்டது, இரண்டு பேரும் நடுவுக்கு உருண்டிருப்பார்கள். சற்று நேரம் சத்தம் இல்லை. பிறகு அக்கா சொன்னாள்:

"இப்போ ஒண்ணு விட்டுச்சு."

"ஆமா" என்றார் அத்தான். தன் நெஞ்சைப் பற்றி அவர் வாயால் அவளிடம் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"வந்துடுச்சு. நீங்க எண்ண வேண்டாம். நான் பாத்துக்கறேன், தூங்குங்க."

"நீ தூங்க வேண்டாமா?"

"ரெண்டு மூணு பாத்துட்டுத் தூங்கறேன்."

அவர் இன்னும் ஏதோ கேட்க ஆரம்பித்தார். பாதி வார்த்தையில் குரல் இழுபட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பழைய குறட்டை ஆரம்பித்தது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு கூச்சமே இல்லாமல்.

நான் எழுந்து, போகிறேன் என்று சொல்வதற்காகக் கதவோரம் போனேன். முதுகோடு முதுகாக இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவளுக்கும் வாய் லேசாகத் திறந்திருந்தது. காவலுக்கு யாரும் இல்லை. டாக்டர் சொன்ன மாதிரி அந்த நெஞ்சு தன் பாட்டுக்கு ஒன்றை விட்டு, ஒன்றைப் பிடித்து வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

நானும் அந்த அப்பாவின் பிள்ளைதான். அதனால் உடனே திரும்பிவிடாமல், அக்காவின் தோள் ஏறி இறங்குவதையும் அத்தானின் தோள் ஏறி இறங்குவதையும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, படியில் நிறுத்தி வைத்திருந்த புது மெத்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.